மண்டாய் ஜூ: "தூக்கும்மா"ன்னு கேக்க விடாத எடம்

சின்ன புள்ளைங்கள கூட்டிட்டு எந்த எடத்துக்கு போனாலும் அது தேறுமா தேறாதான்னு நான் பாக்குற கணக்கு ஒண்ணே ஒண்ணுதான், புள்ளைங்க எத்தன தடவ "தூக்கும்மா, தெரியல"ன்னு கேக்குதுங்கன்னு. தேர் திருவிழாலருந்து பொருட்காட்சி வரைக்கும் எல்லாமே பெரியவங்க கண்ணு மட்டத்துக்குதான் இருக்கு, மூணடி ஆளுக்கு அங்க தெரியறது முன்னாடி நிக்கிறவரோட முட்டி மட்டும்தான். அப்படி பாத்தா சிங்கப்பூர் மண்டாய்ல இருக்கிற ஜூவுக்கு நான் தாராளமா மார்க் போடுவேன், பாதி நாள் போன பிறகுதான் இவரு சொன்னாரு, "ஏய் நம்ம இன்னும் யாரையும் தூக்கலடி"ன்னு.

எங்க செட்டு எப்படின்னா நான், இவரு, எங்க அத்தை, அஞ்சு வயசு பொண்ணு, மூணு முடியாத பையன். மூணு வயசுக்குள்ள டிக்கெட் கெடையாது அதனால பையன் ஃப்ரீ, பொண்ணுக்கு குழந்தை டிக்கெட், பெரியவங்களுக்கு நாங்க போனப்ப ஆளுக்கு ஐம்பது டாலர் பக்கம், அதாவது நம்ம காசுக்கு மூவாயிரத்துக்கு மேல. அத்தைக்கு இந்த கணக்க சொல்லவே இல்ல, சொல்லியிருந்தா "நீங்க போயிட்டு வாங்க நான் ரூம்லயே இருக்கேன்"னு ஆரம்பிச்சிருப்பாங்க. ஆன்லைன்ல தேதி போட்டு முன்னாடியே வாங்கிட்டு போங்க, வாசல்ல புள்ளைங்கள வச்சுகிட்டு க்யூல நிக்கிற வேல மிச்சம்.

கெளம்புறதுக்கு முன்னாடி எங்க ஊர்ல ஒரு ட்ராவல்ஸ்ல விசாரிச்சப்ப காலைல ஜூ, மதியம் ரிவர் வொண்டர்ஸ்ங்கிற ஆத்து மிருகங்க பார்க், ராத்திரி நைட் சஃபாரிங்கிற ராத்திரி ஜூன்னு மூணையும் ஒரே நாள்ல அடுக்கி ஒரு பேப்பர் குடுத்தாரு, "எல்லாம் ஒரே எடத்துலதான் மேடம் இருக்கு, வேன் அங்கயே நிக்கும்"னாரு. மூணும் பக்கத்து பக்கத்துலதான் இருக்கு, அதுல பொய் இல்ல. ஆனா அந்த பேப்பர்ல தூக்கம்னு ஒரு வரி இல்ல, பாத்ரூம்னு ஒரு வரி இல்ல, ரெண்டு வயசு புள்ள நடுரோட்டுல படுத்து உருளறதுக்கு ஒரு அரைமணி நேரமும் இல்ல. அந்த பேப்பர மடிச்சு வச்சுட்டு ஜூவுக்கு முழுசா ஒரு நாள், மத்தத தனியா இன்னொரு நாள்னு நாங்களே போட்டுகிட்டோம். ரெண்டு மூணு பார்க்குக்கு சேத்து வாங்குற டிக்கெட்டும் இருக்கு, அத ஒரே நாள்ல முடிச்சாகணும்னு கட்டாயம் இல்ல, வாங்குறப்ப எத்தன நாளுக்குள்ளன்னு மட்டும் படிச்சுக்கோங்க.

போற வழி. நாங்க தங்கினது லிட்டில் இந்தியா, அங்கருந்து எம்ஆர்டில, அதான் அந்த ஊர் மெட்ரோ ட்ரெயின்ல, ரெண்டாவது ஸ்டேஷன் ஸ்டீவன்ஸ், அங்க எறங்கி தாம்சன் லைன் மாறி ஸ்பிரிங்லீஃப், வெளிய வந்தா 138ம் நம்பர் பஸ், அது நேரா மண்டாய்ல கொண்டு போய் விடும். ஆங் மோ கியோலருந்தும் அதே 138 வருது. கதீப் ஸ்டேஷன்லருந்து ஷட்டில் பஸ்ஸும் இருக்கு. வேன் வச்சுட்டு போறவங்கள நான் குத்தம் சொல்லல, ஆனா ஸ்ட்ரோலர், அதான் புள்ளைய தள்ளிட்டு போற வண்டி, வச்சிருக்கிறவங்களுக்கு அந்த ஊர் பஸ்ஸும் ட்ரெயினும் நிஜமாவே சுலபம், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் லிஃப்ட் இருக்கு, பஸ்ல 2017லருந்து ஸ்ட்ரோலர மடிக்காமலே ஏத்தலாம், தூங்குற புள்ளைய எழுப்ப வேண்டாம் பாருங்க அது எவ்ளோ பெரிய விஷயம்னு அம்மாக்களுக்கு தெரியும். 0.9 மீட்டர் உயரத்துக்கு கீழ இருக்கிற புள்ளைங்களுக்கு பஸ் ட்ரெயின் எல்லாம் காசு கெடையாது. ஒண்ணே ஒண்ணு, ட்ரெயின்ல எதுவும் தின்னக்கூடாது குடிக்கக்கூடாது, 500 டாலர் வரைக்கும் அபராதம்னு போர்டே இருக்கு, பிஸ்கட் பாக்கெட்ட பைக்குள்ள போட்டு மேல துணிய போட்டு மூடிடுங்க, கண்ணுல பட்டா முடிஞ்சுது கத. அத்தைக்கு அந்த ட்ரெயின் பயணம் ரொம்ப புடிச்சு போச்சு, ஸ்டேஷன்ல போர்டெல்லாம் தமிழ்லயும் இருக்கறதால ஒவ்வொண்ணா சத்தமா படிச்சுட்டே வந்தாங்க, எதிர்ல ஒக்காந்திருந்த சீனக்கெழவி ஒண்ணு இவங்கள பாத்து சிரிச்சுட்டே வந்துச்சு.

இப்ப ஜூவுக்கு வருவோம். 1973ல தொறந்தது. அப்பர் செலட்டார்னு ஒரு நீர்த்தேக்கம் இருக்கு, அத ஒட்டி இருக்கிற காட்டுக்கு நடுவுலயே ஜூ கட்டியிருக்காங்க, யோசன சொன்னவரு யாருன்னா அந்த ஊர் தண்ணி கரண்ட் வாரியத்தோட தலைவர் ஓங் ஸ்வீ லா. கம்பி கூண்டு ரொம்ப கம்மி. அகழி, பாறை, தண்ணி, கண்ணாடி, இத வச்சுதான் மிருகத்தையும் நம்மளையும் பிரிச்சிருக்காங்க. வண்டலூரும் அகழி மாடல்தான், அது ஒண்ணும் புதுசில்ல நமக்கு, ஆனா வண்டலூர் 602 ஹெக்டேர், இது 26 தான். வண்டலூர்ல நிஜ காடு மாதிரி பரந்து கெடக்கும், மிருகத்துக்கு அது நல்லதுதான், புலி எங்கயோ ஒரு புதருக்கு பின்னாடி படுத்திருக்கும். இங்க எடம் சின்னது, அதனால அகழி ஒடுக்கமா, கைப்பிடி சுவர் தாழ்வா, முக்கியமான எடத்துல எல்லாம் தரையிலருந்தே கண்ணாடி. அந்த தரையிலருந்தே கண்ணாடிங்கிறதுதான் நான் சொல்ல வந்த விஷயமே.

பிக்மி ஹிப்போன்னு ஒண்ணு இருக்கு, மேற்கு ஆப்பிரிக்கா காட்டுல இருக்கிற குட்டை நீர்யானை. தொட்டிக்கு ஒரு பக்கம் முழுக்க கண்ணாடி, தண்ணிக்கு அடில அது என்ன பண்ணுதுன்னு அப்படியே தெரியும். நம்ம நெனக்கிற மாதிரி அது நீந்தாது, தண்ணிக்கு அடில தரைல கால் வச்சு நடக்கும், பலூன் கட்டிவிட்ட மாதிரி மெதுவா ஒவ்வொரு காலா வச்சு போகும். எங்க பையன் கண்ணாடி முன்னாடி சம்மணம் போட்டு ஒக்காந்துட்டான். அதுவும் அவன் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னுச்சு. பின்னாடி பெரியவங்க நாலு பேரு குனிஞ்சு குனிஞ்சு ஃபோட்டோ எடுக்குறாங்க, இவனுக்கு குனியவும் வேணாம் எக்கவும் வேணாம். அங்கருந்து கெளப்புறதுக்கு ஐஸ்க்ரீம் லஞ்சம் குடுக்க வேண்டியதா போச்சு.

அடுத்தது ஒராங்குட்டான். இது எல்லாரும் ஃபோட்டோல பாத்திருப்பீங்க, நேர்ல வேற. மரப்பலகை பாதைல நம்ம நடந்து போறோம், தலைக்கு மேல கொடி மாதிரி கயிறு, மரத்துக்கு மரம், அதுல அதுங்க பாட்டுக்கு போயிட்டு வந்துட்டு இருக்கு, கூண்டுன்னு ஒண்ணு கண்ணுலயே படல. ஒரு தாய் வயித்துல குட்டிய கட்டிகிட்டு எங்க தலைக்கு மேலயே கடந்து போச்சு. எல்லாரும் கழுத்த வளைச்சு பாக்குறோம், ஸ்ட்ரோலர்ல மல்லாந்து படுத்திருந்த எங்க பையனுக்குதான் அன்னிக்கு பெஸ்ட் சீட்டு. இங்க ஆ மெங்னு ஒரு ஒராங்குட்டான் இருந்துச்சு, யாரோ வீட்டுல திருட்டுத்தனமா வளத்தத 1971ல மீட்டாங்க, ஊருக்கே செல்லம், 2008ல செத்தப்ப ஆயிரக்கணக்கான ஜனம் அஞ்சலிக்கு வந்துச்சாம். அது பேர்ல சாப்பாட்டு கடை கூட உள்ள இருக்கு. காலைல ஒராங்குட்டான பாத்துட்டே டிஃபன் சாப்பிடுற ப்ரோக்ராம் ஒண்ணு தனி டிக்கெட்ல நடத்துறாங்க, நாங்க எடுக்கல, புள்ளைங்க எப்படியும் சாப்பிடாது குரங்க பாக்கும், அந்த காசுல வேற எதாவது பண்ணிக்கலாம்னு விட்டாச்சு. குரங்க அவ்ளோ கிட்ட பாக்கணும்னு ஆசப்படுற பெரிய புள்ளைங்க இருந்தா எடுங்க.

ஃப்ராஜைல் ஃபாரஸ்ட்னு ஒரு பெரிய வலைக்கூடாரம். எங்க பொண்ணுக்கு ஜூன்னாலே இதுதான். உள்ள போனா நமக்கும் மிருகத்துக்கும் நடுவுல எதுவுமே இல்ல, பட்டாம்பூச்சி சட்டைல வந்து ஒக்காருது, பழந்தின்னி வௌவால் கை எட்டுற தூரத்துல தலைகீழா தொங்கிட்டு பழம் தின்னுது, வால்ல வளையம் வளையமா இருக்கிற லெமூர் பாதைய க்ராஸ் பண்ணி போகுது, கீழ பாத்தா சருகுமான், பூன சைசுதான் இருக்கும். ஸ்லாத்துன்னு மரத்துல தொங்கிட்டே இருக்கிற சோம்பேறி மிருகமும் இருக்கு, நாங்க பாத்தப்ப அது அரை மணி நேரத்துல ஒரு கைய எடுத்து இன்னொரு எடத்துல வச்சுச்சு, அத்தை "இது உங்க மாமா மாதிரில்ல இருக்கு"ன்னாங்க. தொடக்கூடாது, குழந்தைங்கள கையப்புடிச்சு வச்சுக்கணும், ஓரத்துல நிக்கிற ஆளுங்க சிரிச்ச மொகத்தோட ஆனா கண்டிப்பா சொல்றாங்க. வௌவால் வாசனை கொஞ்சம் தூக்கலா இருக்கும், மூக்கு சென்சிட்டிவ்வான புள்ளைங்க இருந்தா தெரிஞ்சுக்கோங்க.

பபூன் கொரங்கு பள்ளத்தாக்கு ஒண்ணு இருக்கு, எத்தியோப்பியா மலை மாதிரி செட்டு போட்டு ஒரு பெரிய கூட்டமா விட்டிருக்காங்க. அதுங்களோட சிவப்பு பின்பக்கத்த பாத்து எங்க ரெண்டும் சிரிச்ச சிரிப்புல பக்கத்துல இருந்த ஜப்பான்காரங்க குடும்பமும் சிரிக்க ஆரம்பிச்சிடுச்சு, மொழியெல்லாம் அங்க தேவையே படல. பெரிய மூக்கு குரங்கும் விட்டுடாதீங்க, போர்னியோ தீவுல மட்டும்தான் காட்டுல இருக்கும், ஆண் கொரங்குக்கு மூக்கு வாய் வரைக்கும் தொங்கும், சாப்பிடுறப்ப அத ஒதுக்கிவிட்டு சாப்பிடும். யானை, சிங்கம், வரிக்குதிரை எல்லாம் இருக்கு, நல்லாதான் இருக்கு, ஆனா நமக்கு யானை என்ன புதுசா. ஒட்டகச்சிவிங்கிக்கு காசு குடுத்து காய் ஊட்டலாம், அதுக்குன்னு தனி நேரம் உண்டு, அந்த கருநீல நாக்கு கைல படுறப்ப புள்ளைங்க போடுற சத்தத்துக்கு குடுக்கலாம்.

இன்னொரு விஷயம், எனக்கு மனசுல நின்னது. இங்க இனுக்கான்னு ஒரு பனிக்கரடி இருந்துச்சு, 1990ல இங்கயே பொறந்தது, வெப்ப நாட்டுல பொறந்த மொத பனிக்கரடி அதுதான். 2018ல வயசாகி முடியாம போனப்ப கருணைக்கொலை பண்ணாங்க. இனிமே பனிக்கரடி வளக்கவே மாட்டோம்னு ஜூக்காரங்களே முன்னாடியே முடிவு பண்ணி சொல்லிட்டாங்க. இத இவரு சொன்னதும் அத்தை, "இந்த வேக்காட்டுல நமக்கே இப்படி இருக்கு, அதுக்கு எப்படி இருந்துருக்கும், நல்ல முடிவு"ன்னாங்க. எனக்கும் ஜூன்னா உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல் உண்டு, டிக்கெட் வாங்கிட்டு உறுத்தல் பத்தி பேசுறது கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், ஆனாலும் எது இங்க இருக்கலாம் எது கூடாதுன்னு யோசிக்கிற எடம்னு தெரிஞ்சப்ப கொஞ்சம் லேசா இருந்துச்சு.

வேக்காடுன்னதும் சொல்லணும். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு மேல ஒரே டிகிரி தள்ளி இருக்கு, வெயில் நம்ம திருச்சி அளவுக்கு சுள்ளுன்னு இல்ல, ஆனா பிசுபிசுன்னு வேர்வை நிக்காது. மத்தியானம் திடீர்னு மழ கொட்டும், இடி மின்னலோட. ஆளுக்கு ஒரு ரெயின்கோட்டு பைல வச்சுக்கோங்க, கொடை பத்தாது, ஸ்ட்ரோலருக்கு ஒரு ப்ளாஸ்டிக் கவர் கண்டிப்பா. குடிக்கிற தண்ணிக்கு காசு செலவு பண்ணாதீங்க, அந்த ஊர்ல குழாத்தண்ணியே குடிக்கலாம், பாட்டில் கொண்டு போனா ரொப்பிக்கலாம். மாத்துத்துணி ரெண்டு செட்டு எடுத்துட்டு போங்க, வேர்வைக்கு ஒண்ணு, கடல் சிங்கம் ஷோல முன் வரிசைல ஒக்காந்து நனைஞ்சா ஒண்ணு. அந்த ஷோவுக்கு கொஞ்சம் முன்னாடியே போயிடுங்க, கேலரி மாதிரி படிப்படியா இருக்கறதால புள்ளைங்களுக்கு பின்னாடி ஒக்காந்தாலும் தெரியுது, அங்கயும் தூக்கல.

சாப்பாட்டுக்கு நாங்க காலைலயே செரங்கூன் ரோட்டுல கோமள விலாஸ்ல இட்லி தோசை வெளுத்து கட்டிட்டுதான் கெளம்பினோம், 1947லருந்து இருக்கிற கடை, அத்தை சுத்த சைவம், அவங்களுக்கு வயிறு நெறஞ்சாதான் எங்களுக்கு நாள் நல்லா போகும். உள்ள போனதும் ஃப்ரென்ச் ஃப்ரைஸ், பழம், ஐஸ்க்ரீம்னு ஓட்டியாச்சு. அசைவம் சாப்பிடுறவங்களுக்கு சிக்கன் ரைஸ், லக்ஸான்னு உள்ளூர் சாப்பாடெல்லாம் இருக்கு. திரும்பி வர்றப்ப ஸ்பிரிங்லீஃப் பக்கத்துல பராட்டா கடைங்க இருக்கு, இவரு அங்க ஒரு கட்டு கட்டினாரு.

இப்ப எல்லா அம்மாக்களும் கவனிங்க, நேர வித்தியாசம். சிங்கப்பூர் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி. ஜூ தொறக்கிறது காலை 8:30, அதாவது நம்ம புள்ளைங்க உடம்புக்கு காலை ஆறு மணி. எறங்கின மறுநாளே ஜூ வச்சீங்கன்னா அழுகையோடதான் ஆரம்பிக்கும். நாங்க என்ன பண்ணோம்னா மொதல்ல நைட் சஃபாரிய வச்சுட்டோம். அது ராத்திரி 7:15க்கு தொறக்குது, புள்ளைங்க உடம்புக்கு அது சாயங்காலம் அஞ்சே கால்கூட இல்ல, நாலே முக்கால், மதியம் தூங்கி எழுந்து ஃப்ரெஷ்ஷா இருக்கிற நேரம். எல்லாரும் "சின்ன புள்ளைங்கள வச்சுட்டு ராத்திரி சஃபாரியா"ன்னு பயமுறுத்துனாங்க, இந்தியாலருந்து போறவங்களுக்கு மொத ரெண்டு ராத்திரி அதுதான் சுலபம், ஆஸ்திரேலியாலருந்து வர்றவங்கதான் பாவம். 1994ல தொறந்தது, உலகத்துலயே ராத்திரிக்குன்னே கட்டின மொத ஜூ, ட்ராம்ல ஏறி ஒக்காந்தா இருட்டுக்குள்ள மெதுவா சுத்தி காட்டுவாங்க, ஃப்ளாஷ் அடிக்கக்கூடாது. பையன் பாதில என் மடில சாஞ்சுட்டான், பொண்ணு கடைசி வரைக்கும் கண்ண இமைக்கல.

ரிவர் வொண்டர்ஸ் பத்தி சுருக்கமா. பாண்டா இருக்கு, காய் காய், ஜியா ஜியான்னு ஒரு ஜோடி, 2012ல சீனாலருந்து வந்தது, அதுங்களுக்காக ஏசி போட்ட எடம், மத்தியான வெயில்ல பாண்டாவ விட அந்த ஏசிதான் எங்களுக்கு புடிச்சுது. மானட்டின்னு கடல்பசு மாதிரி ஒண்ணு, அமேசான் தொட்டில, தொட்டிக்கு முன்னாடி சுவரே கண்ணாடி, அங்க புள்ளைங்கள ஓட விட்டுட்டு பெரியவங்க ஒக்காந்து கால் நீட்டலாம். படகு ரைடுக்கு ஒரு மீட்டருக்கு மேல உயரம் வேணும், சின்னதுங்க இருந்தா அந்த பக்கமே கூட்டிட்டு போகாதீங்க, பாத்துட்டா கேக்கும்.

ஜூக்குள்ள சில பகுதிய அப்பப்ப வேலைக்காக மூடி வைப்பாங்க, தண்ணி விளையாட்டுன்னு ஆச காட்டி கூட்டிட்டு போறதுக்கு முன்னாடி அவங்க தளத்துல அன்னிக்கு என்ன தொறந்திருக்குன்னு பாத்துக்கோங்க. ஸ்ட்ரோலர் வாசல்லயே வாடகைக்கு கெடைக்கும், அஞ்சு வயசானாலும் எடுங்க, "நான் பெரிய பொண்ணு"ன்னு வீராப்பா நடந்தவ பதினொரு மணிக்கு மேல தம்பிய எறக்கி விட்டுட்டு தான் ஏறி ஒக்காந்துகிட்டா. கடைசியா உள்ள விடுறது அஞ்சு மணி, மூடுறது ஆறு. தொறக்கிறப்பவே போயிட்டா மிருகங்களும் சுறுசுறுப்பா இருக்கு, கூட்டமும் கம்மி, மத்தியானத்துக்கு மேல ட்ராம்ல ஏறி ஒரு ரவுண்டு ஒக்காந்தே பாத்துக்கலாம், அத்தை அத ரெண்டு தடவ சுத்தினாங்க.

திரும்ப வர்றப்ப புள்ளைங்க தூங்கிடும், பஸ்ஸுக்கு தெம்பு இருக்காது, அதுக்கு ஒரு விஷயம். அந்த ஊர்ல 1.35 மீட்டருக்கு கீழ இருக்கிற புள்ளைங்களுக்கு கார்ல தனி சீட்டு கட்டாயம். சாதாரண டாக்ஸிக்கு மட்டும் அதுல விலக்கு உண்டு, ஆப்ல புக் பண்ற தனியார் காருக்கு கெடையாது. அதனால கிராப் ஆப்ல போட்டீங்கன்னா குழந்தை சீட்டு இருக்கிற வகையா பாத்து போடுங்க, அதுவும் ரெண்டு புள்ளன்னா முன்னாடியே யோசிச்சு வச்சுக்கோங்க. இல்லேன்னா நைட் சஃபாரி முடிஞ்சு மொத்த கூட்டமும் வெளிய வர்றதுக்கு ஒரு பத்து நிமிஷம் முன்னாடியே கெளம்பி டாக்ஸி ஸ்டாண்டு க்யூல இவர நிக்க வச்சுட்டு, நீங்க புள்ளைங்களோட பெஞ்சுல ஒக்காந்துக்கோங்க.